கவருக்குள்ளே என்ன இருக்கிறது?

ஆடிக் காற்று தொடங்கியதும் தருமபுரி மாவட்டத்து வாசகர்களின் கேள்விகள் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. நல்லம்பள்ளியிலிருந்து அரூர் வரை எல்லாருக்கும் கார் கவர்தான் கவலை. ஐந்து வருடம், ஏழு வருடம் தவணை கட்டி வாங்கும் பொருள். அதன்மேல் ஒரு கோடு விழுந்தாலும் மனசு பதைக்கத்தான் செய்யும். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் கவருக்கே.

கவர் போட்டால் கோடு விழும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போடாவிட்டால் வெயிலில் மங்கும் என்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், பாலக்கோடு

மாமனாரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருசேரச் சரியாகப் பேசுவது அபூர்வம். உங்களுக்கு அது வாய்த்திருக்கிறது.

கவர் துணி கீறுவதில்லை. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் புழுதிதான் கீறுகிறது. காரின் மேல் கடைசியாக அடிப்பது நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பும் வெயில் தாங்கும் சக்தியும் அதிலிருந்துதான் வருகின்றன. அதன் கனம் பெரும்பாலான கார்களில் 40 மைக்ரானிலிருந்து 50 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒரு தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலத்தை நம்பித்தான் அத்தனை மினுமினுப்பும் நிற்கிறது. புழுதியில் இருக்கும் மணலோ குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. பேனாக்கத்தியின் இரும்புக்கு ஐந்தரைதான். கத்தியையே கீறக்கூடிய துகளை வைத்துக்கொண்டு, காற்று விடிய விடியக் கவரை அசைத்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான்.

மாமனார் பக்கமும் நியாயம் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் கிளியர் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. பழைய கார்களில் டாப்பும் பானெட்டும்தான் முதலில் வெளுத்துத் தோல் உரியும், கதவுகள் நன்றாக இருக்கும். நேர் வெயில் விழும் இடம் அவை இரண்டும்தான்.

கார் சுத்தமாக இருக்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும், சூடு ஆறியிருக்க வேண்டும், கவர் ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குக் கவர் வேண்டாம். தினமும் ஓடிப் புழுதியோடு வீடு திரும்பும் காருக்குத் தினமும் கவர் போடுவது, வெயிலுக்குப் பயந்து கீறலை விலைக்கு வாங்குவது.

எங்கள் வீடு மேட்டில், சுற்றிலும் வெட்டவெளி. கவர் படபடவென்று அடிக்கிறது. டாப்பின் மேல் நாலு செங்கல் வைத்தால் நிற்குமா?
— வாசகர், நல்லம்பள்ளி

கவர் நிற்கும், பெயின்ட் நிற்காது. செங்கல்லை இப்போதே இறக்குங்கள்.

அம்மியையே தூக்கும் காற்றுக்கு ஒரு பாலியெஸ்டர் துணி எம்மாத்திரம்? கவர் ஆடாமலிருக்க முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். ஸ்விஃப்டுக்கு டிசையர் கவரைப் போட்டால் பின்பக்கம் ஒரு முழத் துணி தொங்கும், அந்த ஒரு முழம் இரவெல்லாம் டிக்கியை அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்குத் தனிப் பை வைத்துத் தைத்த கவராகப் பாருங்கள், அது துணியை முன்னும் பின்னும் நகரவிடாது. கீழே நான்கு பக்கமும் எலாஸ்டிக் வேண்டும். வண்டியின் அடிவயிற்றின் குறுக்கே போகும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பட்டையின் கொக்கியை வண்டிக்கு அடியில் கையால் தள்ளி எடுங்கள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசி எறிந்தால் அது கதவில் பட்டுப் பள்ளம் போடும். கவரின் மேல் கயிறு சுற்றிக் கட்டவும் வேண்டாம், கயிறு அழுத்தும் இடத்தில் வரி வரியாகத் தேயும்.

உங்கள் வீடு மேட்டில், வெட்டவெளியில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் கவரை மடித்து வீட்டுக்குள் வையுங்கள். திறந்த காரின் மேல் புழுதி படிந்து சும்மா கிடக்கும், கெடுதல் குறைவு. அதை அசைக்க ஒரு துணி கிடைத்தால்தான் வேலையைக் காட்டும்.

லாரிக்குத் தார்ப்பாய் போடுகிறோம். காருக்குப் போட்டால் மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?
— லாரி ஓட்டுநர், காரிமங்கலம்

அண்ணே, லாரித் தார்ப்பாய் சரக்கை மூடுகிறது. தக்காளிக் கூடைக்குப் பெயின்ட் கிடையாது. தார்ப்பாய்க்கு மூச்சு விடும் துளை இல்லை. உள்ளே சிக்கிய ஈரம் பகலில் ஆவியாகும், வெளியே போக வழியில்லாமல் மறுபடி பெயின்டின் மேலேயே இறங்கும். இது பல நாள் தொடர்ந்தால் கிளியர் கோட்டுக்குள் ஈரம் புகுந்து பால் ஊற்றியது போல வெளிறும், சில இடங்களில் கொப்பளிக்கும். அந்த வெளிறல் பாலிஷ் போட்டாலும் பெரும்பாலும் போகாது. போதாததற்குத் தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கட்டும் உலோக வளையங்கள் வேறு.

பட்டுக்கூடு வளர்க்கிறேன். பட்டைவிட மென்மையான துணி உண்டா? கார் கவரைப் பட்டிலேயே தைத்தால் என்ன?
— பட்டு விவசாயி, தருமபுரி

தருமபுரி பட்டுக்கூட்டுச் சந்தையைப் பார்த்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனாலும் வேண்டாம். பட்டு வெயிலுக்கு ஆகாது. நேர் வெயிலில் மஞ்சளித்து, இழை பலமிழந்து கிழியும். சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் 11 சதவீதம் வரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதில் ஒட்டும் மணல் மென்மையாகிவிடாது. உங்கள் பட்டு முகூர்த்தத்துக்குப் போகட்டும்.

கடையில் 190டி, 210டி என்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

அந்த எண் நெசவின் நெருக்கம். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை இழை என்ற கணக்கு. எண் கூடினால் துணி நெருக்கமாக இருக்கும், அவ்வளவே. பெயின்டுக்கு நல்லதா என்பதை அந்த எண் சொல்லாது.

கடையில் கவரைப் பிரித்து உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே மெல்லிய பஞ்சுத் துணி வைத்துத் தைத்திருந்தால் நல்லது. உள்பக்கம் வெள்ளிப் பூச்சாக இருந்தால் விரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் வெள்ளித் தூள் ஒட்டினால் அதே தூள் உங்கள் காரிலும் ஒட்டும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். காற்று துளியும் போகாவிட்டால் அது பிளாஸ்டிக்குக்குச் சமம். கொஞ்சம் போக வேண்டும். தையல் நூலும் ஜிப்பும் உள்பக்கம் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது.

முழுக்கத் தண்ணீர் புகாது, அதே சமயம் நன்றாக மூச்சும் விடும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி மலிவாக விற்பதை நம்ப வேண்டாம். நீராவியை வெளியே விட்டு மழையை மட்டும் தடுக்கும் நுண்துளைப் படலம் உண்மையிலேயே இருக்கிறது, விலைதான் அதிகம். தருமபுரியில் மழையைவிடப் புழுதியும் வெயிலும்தான் அதிக நாள். அதனால் லேசாக மழை கசிந்தாலும் சீக்கிரம் உலரும் துணியே நமக்குப் பொருத்தம்.

செலவு செய்ய மனமிருந்தால் இன்னொன்று சொல்வேன். நல்ல கவரை வெயில் கிழித்துவிடும், மறுபடி வாங்குவோம். இரண்டு மூன்று கவரின் விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நான்கு கம்பமும் ஒரு தகரக் கூரையும் போட்டுவிடலாம். ஓலைப் பந்தல் இன்னும் மலிவு. பெயின்டைத் தொடாமல் பெயின்டைக் காப்பது நிழல் ஒன்றுதான். இடம் இருப்பவர்கள் கவரைவிடக் கொட்டகையைத்தான் யோசிக்க வேண்டும்.

மாந்தோப்பில்தான் காரை நிறுத்துகிறேன். தை, மாசியில் கார் முழுக்கப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மரம் அழுகிறதா?
— மா விவசாயி, காரிமங்கலம்

மரம் அழவில்லை ஐயா, பூச்சி விருந்து சாப்பிடுகிறது. பூக்கும் பருவத்தில் மாவில் தத்துப்பூச்சி இறங்கும் என்பது எனக்குச் சொல்லித்தந்ததே உங்களைப் போன்ற விவசாயிகள்தான். அது பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு, மிச்சச் சர்க்கரையைத் தேன் போல வெளியேற்றுகிறது. இலையில் விழுந்தால் அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கிறது, காரில் விழுந்தால் புழுதியைப் பிடிக்கிறது. இந்தப் பிசுபிசுப்பின் மேல் கவர் போட்டால் கவரும் காரும் ஒன்றோடொன்று ஒட்டும், மறுநாள் உரித்து எடுக்கும்போது புழுதியும் சேர்ந்து இழுபடும்.

சர்க்கரை தண்ணீரில் கரையும், அதுதான் நம் நல்ல நேரம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைப் பிசின் மேல் சில நிமிடம் போட்டு வையுங்கள். தேய்க்காமலே இளகும். பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவைத்த பின்தான் கவர். காய் இறக்கும் நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். காம்பை உடைத்தால் பீய்ச்சும் பால் நம் தோலையே பொசுக்கும், பெயின்டில் விழுந்தால் காயுமுன் கழுவிவிடுங்கள். பூக்கும் மாதங்களில் வண்டியைத் தோப்பை விட்டு வெளியே நிறுத்த முடிந்தால் அதுவே மேல்.

காக்கை எச்சத்துக்காகவே கவர் போடுகிறேன். அது தப்பா?
— வாசகர், அரூர்

தப்பில்லை, கவர் வாங்க நல்ல காரணங்களில் அதுவும் ஒன்று. பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். வெயிலில் கிளியர் கோட் சற்று இளகி விரிகிறது, மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது காய்ந்து கல்லாகிவிட்ட எச்சத்தைச் சுற்றி அதே வடிவத்தில் இறுகுகிறது. எச்சத்தைத் துடைத்த பிறகும் அந்த இடம் மங்கலாகத் தெரிவது அதனால்தான். ஆனால் எச்சம் விழுந்த பிறகு அதன்மேல் கவரைப் போட்டு அழுத்தாதீர்கள். ஈரத் துணியை அதன்மேல் ஊறவிட்டு, ஒற்றி எடுங்கள்.

தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. டிங்கரிங் முடிந்து புதுப் பெயின்ட் அடித்து வந்திருக்கிறது. பத்திரமாகக் கவர் போட்டு மூடி வைக்கட்டுமா?
— வாசகர், தருமபுரி

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுதான் முக்கியம்.

கவர் இப்போது கூடவே கூடாது. தொழிற்சாலையில் வெறும் இரும்புக் கூடாக இருக்கும்போது பெயின்ட் அடித்து, ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். பட்டறைக்கு வரும் காரில் டயரும் ஒயரும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன, அங்கே 60 டிகிரிக்கு மேல் போக முடியாது. சூட்டு அறை இல்லாத பட்டறையில் அதுவும் இல்லை. அதனால் பட்டறைப் பெயின்ட் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை மூடினால் பெயின்ட் மென்மையாகவே கிடக்கும், துணியின் தடமும் பதியும். குறைந்தது ஒரு மாதம் கவரும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். நிழலில், காற்றோட்டமாக நிற்கட்டும்.

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பயபக்தியோடு கவரும் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பானெட்டில் சிவப்புக் கறை. சாமி குத்தமா?
— வாசகி, பென்னாகரம்

சாமிக்கு இதில் பங்கில்லை அம்மா. கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருப்பது சகஜம். அதன்மேல் கவர் போட்டதும் உள்ளே வெக்கையும் ஈரமும் சேர்ந்து சாயம் ஊறியிருக்கிறது. அடுத்த பூஜைக்குப் பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள், கண்ணாடி எந்தச் சாயத்தையும் குடிக்காது. மாலை கட்டும் கம்பி பானெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை வாடுவதற்குள் எடுத்துவிட்டு, துடைத்த பிறகே கவர். இப்போது இருக்கும் கறைக்கு ஷாம்பூ தண்ணீரில் போகாவிட்டால் நல்ல பாலிஷ் போடுகிறவரிடம் காட்டுங்கள். பெட்ரோல், தின்னர் என்று வீட்டிலேயே சோதனை வேண்டாம்.

ஒகேனக்கல் போகும்போது கவரையும் கொண்டுபோகலாமா? குரங்குத் தொல்லை தாங்கவில்லை.
— வாசகர், மொரப்பூர்

தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர் ஓடி வந்த காரின் பானெட் கொதிக்கும், உடம்பெல்லாம் புழுதி இருக்கும். அதன்மேல் கவர் போட்டால் நான் மேலே சொன்ன நான்கில் இரண்டு அங்கேயே தவறிவிடும். சைலன்சர் சூட்டில் மலிவான கவர் உருகி ஒட்டுவதும் உண்டு. குரங்குக்கும் கவர் ஒரு தடையில்லை, இழுத்து விளையாட இன்னொரு பொருள். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, தின்பண்டம் வெளியே தெரியாமல் வையுங்கள், போதும்.

பெங்களூரில் வேலை. கார் ஊரில் அப்பாவிடம் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறேன். கவர் போட்டே கிடக்கலாமா?
— வாசகர், பாலக்கோடு

கவரின் உண்மையான பயன் உங்களுக்குத்தான் தம்பி, நகராத காருக்குத்தான். கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு, கதவு இடுக்கிலும் டிக்கி ஓரத்திலும் தண்ணீர் நிற்கவில்லை என்று பார்த்துப் போடுங்கள். ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மூடிக் கிடக்கும் கார் எலிக்கு வசதியான வீடு. வெக்கை உண்டு, மறைவு உண்டு, கடிக்க ஒயரும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு நாள், வெயில் ஏறிப் பனி ஈரம் காய்ந்த பிறகு, அப்பாவைக் கவரை எடுக்கச் சொல்லுங்கள். மார்கழி, தை மாதங்களில் இது மிக அவசியம், அந்தப் பனியில் கவரின் உள்பக்கமும் நனைந்திருக்கும். ஒரு மணி நேரம் வண்டி காற்றாடட்டும், பானெட்டைத் திறந்து எலி வந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும், என்ஜினையும் ஓட்டிப் பார்க்கட்டும். அப்பாவிடம் பேச ஒரு காரணமும் ஆகும்.

போடும் முறை, எடுக்கும் முறை என்று ஏதாவது உண்டா? நான் ஒரு மூலையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்துவிடுவேன்.
— கல்லூரி மாணவர், தருமபுரி

கோடுகளில் பாதி அந்தச் ‘சர்’ரில்தான் விழுகிறது. எடுக்கும்போது இரண்டு பக்க ஓரத்தையும் தூக்கி டாப்பின் நடுவே மடித்துப் போடுங்கள். பிறகு முன்னாலிருந்து பின்னாலே சுருட்டிக்கொண்டே போங்கள். எங்கேயும் இழுக்காதீர்கள், தூக்குங்கள். இப்படிச் சுருட்டினால் புழுதி படிந்த வெளிப்பக்கம் வெளிப்பக்கத்தோடே சேரும், பெயின்டைத் தொடும் உள்பக்கம் சுத்தமாக இருக்கும். போடும்போது அதே சுருளை டிக்கியில் வைத்து முன்னோக்கி விரியுங்கள். இரண்டு பேர் இருந்தால் அருமை. எது முன்பக்கம் என்று உள்ளே ஒரு நூல் அடையாளம் வையுங்கள். பாதி விரித்த பிறகு தலைகீழ் என்று தெரிந்து இழுத்துத் திருப்புவதும் ஒரு கீறல் வேலைதான். சுருளை மண் தரையில் வைக்கக் கூடாது, ஒரு பையில் போடுங்கள்.

கவரையும் மாதம் ஒரு முறை உதறித் துவையுங்கள். லேசான சோப்புத் தண்ணீர் போதும், முறுக்கிப் பிழிய வேண்டாம். துவைக்காத கவரைச் சுத்தமான காரில் போடுவது குளித்துவிட்டு அழுக்குச் சட்டை போடுவதை விட மோசம், சட்டை நம் தோலைக் கீறாது.

கவர் போட்டால் திருடன் வரமாட்டானா?
— வாசகர், கடத்தூர்

பூட்டுங்கள்.

கழுவிக் காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படி. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில் கழுவினால் புள்ளி வருவதில்லை. அதிலேயே கழுவட்டுமா?
— வாசகர், பென்னாகரம்

போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புதான் அந்தப் புள்ளி. தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு தங்கும். ஈரத்தோடு கவர் போட்டால் ஒவ்வொரு துளியும் தன் இடத்திலேயே காய்ந்து வட்டம் வட்டமாகப் பதியும், வெயிலில் அது பெயின்டையும் அரிக்கும். காலையில் நிழலில் ஒரு பாகம் கழுவியதும் அந்தப் பாகத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் போங்கள். துளி நின்று காய நேரம் கொடுக்காவிட்டால் போர்வெல் தண்ணீரும் புள்ளி வைக்காது. வந்துவிட்ட புள்ளிக்கு வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, நிறையத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

இதையெல்லாம்விடச் சுலபமான வழி மழைநீர். மொட்டைமாடி மழைநீரைச் சேமிக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கினார்கள். அந்த நீரில் உப்பு மிகக் குறைவு. இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் கடைசி அலசலுக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் வேண்டாம். அது குடிக்கவென்றே வந்த நீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருந்தால் அந்த நீர் குடிக்க ஆகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீர் அந்த அளவைத் தாண்டியதால் பிள்ளைகளின் பல் கறுத்தது, பெரியவர்களின் எலும்பு வளைந்தது. அதற்காகத்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஏறக்குறைய 1,928 கோடி ரூபாய்க்குக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் போட்டு, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். உங்கள் தெருக்குழாயில் வருவது அந்த நீர். பெயின்டில் விழுந்த புள்ளியைத் துடைத்துவிடலாம், பல்லில் விழுந்த கறையைத் துடைக்க முடியாது. தயவுசெய்து அதைக் குடிக்க மட்டும் வையுங்கள். காருக்கு ஒரு வாளிப் போர்வெல் தண்ணீரும் நல்ல துணியும் போதும்.